கடலுக்கு அப்பாலும் ஒரு பிரதி

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் தொலைதேசக் கல்வி நிறுவனங்களுக்கும் இடையிலான தொடர்ச்சியான உறவு 1816இல் ஆரம்பமாகிறது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன் சபை அனுப்பிய முதற்குழு அந்த ஆண்டில் வந்து சேர்ந்தது. அமெரிக்கரை இலங்கையின் மற்றப் பகுதிகளில் பரவவிட ஆங்கில ஆட்சிக்கு விருப்பமில்லை. எனவே வடமுனையை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தது. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயங்களைத் திருத்தி அவர்கள் குடியேறினார்கள். ஒரு குடியேற்ற அரசின் சந்தேகம்தான் குடாநாட்டைப் பொஸ்டனோடு இணைத்தது என்று சொன்னால் தவறாகாது.

1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கான செமினரி தொடங்கியது. டானியல் பூவர் அதன் முதல் அதிபர். மறு ஆண்டு உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை எழுந்தது. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஒருவர் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. குடாநாட்டின் பழைய குடும்பங்களில் அமெரிக்கப் பெயர்கள் நுழைந்தது இப்படித்தான். கொடுத்தவரின் பெயரை வாங்கியவர் ஆயுள் முழுதும் சுமக்க வேண்டியிருந்த ஏற்பாடு அது. இன்றைய கண்ணுக்கு அது உறுத்தும்.

ஆனால் செமினரியின் வகுப்பறையில் நடந்தது வெறும் இறக்குமதி என்று சொல்லிவிட முடியாது. கணிதம், வானியல், தத்துவம் ஆகியவற்றோடு தமிழ் இலக்கண இலக்கியமும் கற்பிக்கப்பட்டன. சாத்திரிமாரின் பஞ்சாங்கக் கணிப்பும் மேற்கத்திய வானியலும் அருகருகே வைத்து ஒப்பிடப்பட்டன. அச்சுக்கலை மட்டும் எளிதில் வரவில்லை. 1820இல் அமெரிக்காவிலிருந்து வந்த அச்சாளரை ஆளுநர் பார்ன்ஸ் நாட்டில் தங்க விடவில்லை. அச்சுப்பொறி நல்லூரிலிருந்த ஆங்கில மிஷன் சபையின் கைக்குப் போனது. 1834இல் இன்னொரு அமெரிக்க அச்சாளர் வந்த பிறகே மானிப்பாயில் அச்சுக்கூடம் வேரூன்றியது. 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகையும் 1842இல் மானிப்பாய் அகராதி என்று வழங்கும் சொற்றொகுதியும் வெளிவந்தன. யாழ்ப்பாணத்தில் பலர் பல ஆண்டுகள் சேர்த்த சொற்களைக் கொண்டு மிரன் வின்சிலோ தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் அச்சானது.

அறிவு எதிர்த்திசையிலும் பயணித்தது. செமினரியின் அதிபராக இருந்த ஹென்றி ஹொய்சிங்டன், சிவஞானபோதம், சிவப்பிரகாசம் முதலிய சைவசித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் 1850களில் அவை வெளிவந்தன. வட்டுக்கோட்டையில் தமிழ் ஆசிரியர்களிடம் பாடம் கேட்டுப் பெற்றதையே அவர் அங்கே கொண்டுபோனார். மருத்துவர் சாமுவேல் கிறீன் வேறொரு பாதையில் சென்றார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், 1860களில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே பாடம் நடத்தத் தீர்மானித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என அவரும் அவருடைய மாணவர்களும் ஆக்கிய பாடநூல்கள் ஆயிரக்கணக்கான கலைச்சொற்களைத் தமிழுக்குக் கொடுத்தன.

இந்தக் கூட்டுறவின் பலவீனம் 1855இல் அம்பலமானது. ஆங்கில உயர்கல்வி பெற்றவர்கள் மதப்பணிக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று சபைத் தலைமை குறைப்பட்டது. பொஸ்டனிலிருந்து வந்த தூதுக்குழுவின் பரிந்துரைப்படி செமினரி மூடப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டு வளர்ந்த ஒரு கல்விக்கூடத்தின் தலைவிதியைக் கடல்கடந்த ஒரு செயற்குழு முடிவு செய்தது. ஊர்க்காரரும் பழைய மாணவரும் விடாமல் முயன்றதன் பலனாக 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. அக்கல்லூரியின் நூலகம் டானியல் பூவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்லூரிக்கான நிதியம் பொஸ்டனில் அறங்காவலர் பொறுப்பில் இருந்து வந்தது. யார் பணம், யார் தீர்மானம் என்ற கேள்வி எந்தத் தொலைதூரக் கல்வி உறவிலும் ஒருநாள் எழுந்தே தீரும்.

பாக்கு நீரிணைக்கு இருபுறமும் நடந்த கொடுக்கல் வாங்கல் இதைவிட நெருக்கமானது. யாருடைய தயவிலும் நடந்ததல்ல. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறு ஆண்டு சென்னைக்குப் போய் அச்சுப்பொறி வாங்கிவந்தார். 1864இல் சிதம்பரத்திலும் அதே பெயரில் ஒரு பாடசாலை வைத்தார். யாழ்ப்பாணத்து நிதியில் தமிழகத்தில் ஒரு பள்ளி நடந்ததை இன்று பலர் மறந்துவிட்டார்கள். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். தாமோதரம்பிள்ளை கடலின் இரு கரையிலும் ஏடு தேடி, பிரதிகளை ஒப்புநோக்கி, பழைய நூல்களை அச்சேற்றினார். எட்டுத்தொகையில் முதன்முதலாக அச்சுக்கு வந்தது அவர் 1887இல் பதிப்பித்த கலித்தொகை. ஓரூரில் செல்லரித்துப் போன வரி இன்னோரூர் ஏட்டில் முழுதாக இருக்கும். நூலக வளப்பகிர்வு என்ற பெயர் தோன்றுமுன்பே பதிப்பாசிரியர்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

தொலைதூர நூலகங்கள் தம் வளத்தைப் பகிரும் வழிகள் அடிப்படையில் மூன்றே. நூலே பயணம் செய்யலாம். நூலின் பிரதி பயணம் செய்யலாம். நூல் எங்கே இருக்கிறது என்ற தகவல் மட்டும் பயணம் செய்யலாம். அயல் நகரங்களுக்குள் நூலகங்கள் ஒன்றுக்கொன்று இரவல் கொடுப்பது முதல்வகை. சமுத்திரம் தாண்டிய இரவலுக்குச் செலவும் ஆபத்தும் அதிகம். அரிய நூலை எந்த நூலகமும் கப்பலேற்றச் சம்மதிக்காது. ஆகவே தொலைதேசப் பகிர்வு என்றால் நடைமுறையில் நுண்படச் சுருளோ எண்ணிமப் பிரதியோ பட்டியலோதான். இவற்றுள் மிகக் குறைந்த மதிப்புப் பெறுவது பட்டியல். ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் நகராது; எதைக் கேட்பது என்றே ஒருவருக்கும் தெரியாது.

யாழ்ப்பாணத்தைப் பற்றிய மூலங்கள் யாழ்ப்பாணத்துக்கு வெளியே எவ்வளவு கிடக்கின்றன என்பதைப் பார்த்தால் இது விளங்கும். அமெரிக்க மிஷனரிகள் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் ஹவுட்டன் நூலகத்தில் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடாநாட்டில் அச்சான நூல்கள் பல இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்த தமிழ் நூல்களின் பட்டியலை பார்னெற்றும் போப்பும் 1909இல் வெளியிட்டார்கள். இலங்கைக்குள்ளேயே, 1885ஆம் ஆண்டின் அச்சுச் சட்டத்தின்கீழ் ஒப்படைக்கப்பட்ட நூல்கள் கொழும்பு அருங்காட்சியக நூலகத்தில் சேர்ந்தன. இவையெல்லாம் மிஷன் சபையினதோ குடியேற்ற ஆட்சியினதோ தேவைக்காகச் சேர்க்கப்பட்டவை. யாழ்ப்பாணத்தானுக்கு உதவ வேண்டும் என்று அன்று எவரும் நினைத்திருக்கமாட்டார்கள். பிற்காலத்தில் அந்தப் பிரதிகளே உதவின.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சிதறலைத் திட்டமிட்டு ஆராய முனைந்தவர் நெடுந்தீவு, ஊர்காவற்றுறைப் பரம்பரையில் வந்த சேவியர் தனிநாயகம் அடிகள் (1913–1980). 1952இல் ‘தமிழ்க் கல்சர்’ என்ற ஆங்கிலச் சஞ்சிகையைத் தொடங்கி, தமிழாய்வை உலகப் பல்கலைக்கழகங்கள் படிக்கும் மொழியில் கொண்டுபோனார். ஐரோப்பிய நூலகங்களில் தேடியலைந்து பழைய தமிழ் அச்சுநூல்களின் இருப்பிடங்களைப் பதிவு செய்தார். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரொவென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது; அதை நிழற்படப் பதிப்பாக 1966இல் கோலாலம்பூரில் வெளியிட்டார். அதே ஆண்டில் தமிழியல் நூல்களுக்கான ஒரு வழிகாட்டி நூற்பட்டியலும் அவர் முயற்சியில் வெளிவந்தது. 1964இல் புதுடில்லியில் உருவான உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1966இல் கோலாலம்பூரிலும், 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிஸிலும், 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்திலும் மாநாடு கூட்டியது. யாழ்ப்பாண மாநாட்டின் கடைசி நாளில் பொலிஸார் கூட்டத்தைக் கலைக்கப் புகுந்ததில் உயிர்கள் பலியாயின. அறிஞர் கூடும் நிகழ்ச்சி ஒன்று அரசியல் வரலாற்றின் திருப்பமாகிப் போனது.

யாழ்ப்பாணப் பொது நூலகம் உள்ளூர் முயற்சியில் முளைத்தது. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் நடத்திய இரவல் நூலகமே அதன் விதை. 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு அது பொது நூலகமானது. புதிய கட்டடத்துக்கான இயக்கம் 1950களில் தொடங்கியபோது வெளியுலகத் தொடர்பு வந்தது. மாநகர முதல்வர் சாம் சபாபதியோடு முன்னின்றவர் சென். பத்திரிசியார் கல்லூரியின் லோங் அடிகள். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதனிடம் ஆலோசனை பெறப்பட்டது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிட மரபில் கட்டடத்தை வரைந்தார். 1959 ஒக்டோபர் 11ஆம் திகதி மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா அதைத் திறந்துவைத்தார். ஆனந்த குமாரசுவாமி, ஐசாக் தம்பையா போன்றோரின் சேகரங்கள் அங்கு வந்தன. ஏடுகளும் பழைய பத்திரிகைக் கோப்புகளும் சேர்ந்தன.

1981 மே 31ஆம் திகதி இரவு, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்காக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த பொலிஸாரும் அவர்களோடு வந்தவர்களும் நகரில் தீ வைத்தார்கள். பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. அதே நாட்களில் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தன. நூலகம், பத்திரிகைக் கோப்பு, புத்தகக் கடை ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் போனதால், ஒன்றிலிருந்து மற்றதை ஈடுசெய்யும் வழியும் அடைபட்டது. பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தார்.

எரிந்தவற்றில் எது உண்மையில் அழிந்தது என்பதை அளக்க ஒரு வழிதான் உண்டு: வேறெங்காவது பிரதி இருந்ததா? யாழ்ப்பாண வைபவமாலையின் சுவடி எரிந்ததை அநேகர் குறிப்பிடுவார்கள். அந்த நூல் அழியவில்லை. அச்சுப் பதிப்புகள் இருக்கின்றன. 1879இலேயே பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்துவிட்டது. குமாரசுவாமியின் அச்சான எழுத்துகளை உலகின் எந்தப் பெரிய நூலகத்திலும் காணலாம். ஒரே பிரதியாக இருந்த கையெழுத்துகள், ஊர்ப் பத்திரிகைகளின் முழுத் தொகுதிகள், நூறு நூற்றைம்பது பிரதி மட்டும் அச்சடித்த சிறு வெளியீடுகள் ஆகியவையே மீளாமல் போனவை. பெயர்பெற்ற நூல்களைப் பற்றிய புலம்பலில் இந்தப் பெயரற்ற நட்டம் பேசப்படாமலே போய்விட்டது.

1984இல் நூலகத்தின் ஒரு பகுதி மீண்டும் இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே போரில் சேதமுற்றது. பின்னர் முழுக் குடாநாடும் பொருளாதாரத் தடைக்குள் போனது. தாள் தட்டுப்பாட்டில் நாளிதழ்கள் கொப்பித் தாளில் அச்சான காலம் அது. 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேறியபோது வீட்டு அலுமாரிகளில் இருந்த நூல்கள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்தவர்களில் பலருக்கு அவை கிடைக்கவில்லை. பொது நூலகத்தின் சேதம் ஒரு கட்டடத்தில் நடந்ததால் உலகம் கண்டது. வீடு வீடாக நடந்த இந்தச் சேதத்துக்குக் கணக்கே இல்லை.

1990களின் இறுதியில் அரசு நூலகத்தைப் புனரமைக்கத் தொடங்கியது. செங்கல்லும் நூலும் திரட்டும் இயக்கம் நாடு முழுவதும் நடந்தது. கட்டடம் முடிந்த பின்னும் திறப்பு விழா அரசியல் தகராறில் சிக்கி, 2004 அளவில்தான் வாசகர் உள்ளே வந்தார்கள். இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் வெவ்வேறு காலங்களில் பெருந்தொகையான நூல்களை அனுப்பின. தனியாரும் பழைய மாணவர் சங்கங்களும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பெட்டி கட்டி அனுப்பினார்கள்.

நல்லெண்ணத்தில் குறையில்லை, பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. நூல் அன்பளிப்பு பற்றி நூலகர்கள் உலகெங்கும் சொல்லும் முறைப்பாடு இங்கும் பொருந்தும். வெளிநாட்டுப் பாடத்திட்டத்தின் காலாவதியான பாடநூல், முழுமையற்ற கலைக்களஞ்சியத் தொகுதி, ஒரே நாவலின் பல பிரதிகள் எல்லாம் வந்து இறங்கும். சுங்கம், ஏற்றிறக்கம், பட்டியலிடும் வேலை, தட்டு இடம் எனப் பெறுபவருக்கும் செலவு உண்டு. வேண்டிய நூல்களின் பட்டியலைப் பெறுபவர் முதலில் அனுப்பி, அதிலிருந்து கொடுப்பவர் தேர்ந்து அனுப்பினால் பாதிச் சிக்கல் தீரும். கொடுப்பவருக்கு அதில் படம் எடுத்துப் போடும் மகிழ்ச்சி குறைவு என்பதாலோ என்னவோ அது அரிதாகவே நடக்கிறது.

அனுப்புவதை விட்டுப் பட்டியலிடுவதில் இறங்கியவர் என். செல்வராஜா. யாழ்ப்பாணத்தில் நூலகராக இருந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த அவர், ஈழத்தவர் எழுதிய தமிழ் நூல்களைத் தொகுதிக்கு 1,000 வீதம் ‘நூல்தேட்டம்’ என்ற வரிசையில் பதிந்து வருகிறார். முதல் தொகுதி 2002இல் வெளிவந்தது. ஒரு அரசின் தேசிய நூலகம் செய்யவேண்டிய வேலையில் பெரும்பங்கை ஒரு தனிமனிதர் புலம்பெயர்ந்த நாட்டிலிருந்து செய்திருக்கிறார். இ. பத்மநாப ஐயரின் பங்கு வேறு வகையானது. ஈழத்து நூல்களைத் தமிழ்நாட்டுப் பதிப்பாளரிடமும் வாசகரிடமும் சேர்ப்பதில் எழுபதுகளிலிருந்தே ஈடுபட்டவர் அவர். இலண்டனுக்குச் சென்ற பின்னும் இளையோரை அந்த வேலைக்குத் தூண்டினார். ரொறன்ரோவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் 2004ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது.

கணினி வந்ததும் பிரதி எடுப்பதன் இலக்கணமே மாறியது. 1998 தைப்பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளிலிருந்த தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து, இலவசமாகப் பகிர்ந்தார்கள். அந்த முன்மாதிரியைப் பார்த்து 2005 தைப்பொங்கலை ஒட்டி ஈழத்து நூல்களுக்கென ‘நூலகம்’ திட்டம் தொடங்கியது. தி. கோபிநாத், மு. மயூரன் ஆகிய இளைஞர்கள் முன்னின்றார்கள். முதலில் தட்டெழுத்தையே நம்பினார்கள். அன்றைய யாழ்ப்பாணத்திலும் புலத்திலும் பாமினி எழுத்துருவே ஆட்சி செய்தது. ஒருங்குறிக்கு மாற்றாமல் அந்தக் கோப்புகளில் எதையும் தேட முடியாது. தட்டெழுத்து மெதுவாகவே நகர்ந்தது. விரைவில் அவர்கள் பக்கங்களை வருடி, படக் கோப்பாகவே வெளியிடும் முறைக்கு மாறினார்கள். தேடும் வசதியை ஓரளவு இழந்து வேகத்தைப் பெற்ற முடிவு அது. அழிவு துரத்திக்கொண்டிருந்த நிலையில் அதுவே சரியான முடிவு.

‘நூலகம்’ திட்டத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் எண் கொடுக்கப்படுகிறது. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், பொருளடக்கம் ஆகியவை ஒரு விக்கிப் பக்கத்தில் பதியப்பட்டு, வருடிய கோப்பு அதனுடன் இணைக்கப்படுகிறது. 2010இல் நூலக நிறுவனம் முறையாகப் பதிவானது. பணமும் மென்பொருள் உழைப்பும் பெரும்பாலும் புலத்திலிருந்து வருகின்றன. நூல் திரட்டலும் வருடலும் யாழ்ப்பாணத்திலும் மற்ற ஊர்களிலும் நடக்கின்றன. இன்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் அங்கே உள்ளன. நூல்களோடு சஞ்சிகை, நாளிதழ், துண்டுப்பிரசுரம், பாடசாலை மலர், ஓலைச்சுவடி, ஒலிப்பதிவு என வகைகளும் பெருகிவிட்டன. ஒளிப்படம், ஒலி, சுவடி முதலியவற்றுக்கான ‘ஆவணகம்’ என்ற தளத்தை அமைப்பதில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகத்தோடு கூட்டுறவு ஏற்பட்டது. தமிழர் செறிந்து வாழும் புறநகரில் இருக்கும் வளாகம் அது. அங்கே 2021இல் தமிழியல் இருக்கைக்குத் தேவையான 30 இலட்சம் டொலர் நிதி சமூகத்தாரின் பங்களிப்பால் திரண்டது.

பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டம் 2004 முதல் உலகெங்கும் இத்தகைய வேலைக்கு நிதி வழங்குகிறது. அதன் விதி கவனிக்கத்தக்கது. மூல ஆவணம் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது. வருடும் கருவி இங்கே வரும். வேலை கற்றுக்கொள்பவர் இங்கேயே இருப்பார். ஒரு பிரதி உள்நாட்டு நிறுவனத்திலும் இன்னொன்று இலண்டனிலும் இருக்கும். குடாநாட்டின் புரட்டஸ்தாந்து தேவாலயங்களிலும் அவற்றைச் சார்ந்த நிறுவனங்களிலும் இருந்த பழைய அச்சுநூல்களும் பதிவேடுகளும் இப்படிப் பிரதியாக்கப்பட்டு, ஸ்காபரோ வளாகத்தின் எண்ணிமத் தொகுப்பிலும் சேர்ந்தன. 1994இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் ஏறத்தாழ இதே கொள்கையில் எழுந்ததே. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்து நுண்படம் எடுக்க ஏற்பாடு செய்தது. மூலத்தையே அள்ளிக்கொண்டு போன பழைய காலத்து வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

பிரதி எடுத்தால் மட்டும் வேலை முடியாது. அது தேடுபவருக்கு அகப்பட வேண்டும். தமிழ்ப் பெயர்களை உலகப் பட்டியல்களுக்குள் அடக்குவது சாமானிய வேலையல்ல. தாமோதரம்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். தமிழில் அவர் சிறுப்பிட்டி வைரவநாதர் மகன், சி. வை. ஆங்கில ஏடுகளில் அவர் சார்ள்ஸ் வின்சிலோ. தாமோதரம் என்பதை உரோமன் எழுத்தில் எழுதுவதற்கோ ஐந்தாறு வழிகள் உண்டு. அமெரிக்க நூலகங்கள் புள்ளியும் கோடும் இட்ட ஒலிபெயர்ப்பைப் பின்பற்றுகின்றன. அந்த முறை தெரியாத யாழ்ப்பாணத்து மாணவனுக்கு அங்கே இருக்கும் தன் ஊர் நூலே தட்டுப்படாது. ஆண்டுக் கணக்கு இன்னொரு சங்கடம். பழைய நூலின் முகப்பில் பிலவங்க வருடம் என்று மட்டும் இருந்தால் அது 1847ஆகவும் இருக்கலாம், 1907ஆகவும் இருக்கலாம். தாளையும் எழுத்தையும் அச்சுக்கூடத்தின் பெயரையும் பார்த்து அதைத் தீர்க்க உள்ளூர் அறிவு வேண்டும். வெளிநாட்டு நூலகங்களுக்கு யாழ்ப்பாணம் இன்று கொடுக்கக்கூடிய பெரிய வளம் இந்த அறிவுதான். கூட்டுறவு ஒப்பந்தங்களில் அது விலையுள்ள பங்களிப்பாக எழுதப்படுவது அபூர்வம்.

சட்டமும் குறுக்கே நிற்கும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. எனவே இருபதாம் நூற்றாண்டு நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியரிடமோ வாரிசுகளிடமோ இசைவு வாங்க வேண்டும். ஆசிரியர் கனடாவில், வாரிசு அவுஸ்திரேலியாவில், பதிப்பகம் மூடி முப்பது வருடம் என்ற நிலையில் ஓர் இசைவுக் கடிதத்துக்கு மாதக்கணக்காகலாம்.

பல்கலைக்கழகத்தின் தேவை வேறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த திருநெல்வேலி வளவில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத் தொடங்கியது. முதல் தலைவர் க. கைலாசபதி. 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. விஞ்ஞான, மருத்துவ பீடங்களுக்குப் பழைய நூலைவிடப் புதிய சஞ்சிகைக் கட்டுரையே முக்கியம். அவற்றின் சந்தாவோ எட்டாத விலை. உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி போன்ற ஏற்பாடுகள் வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்குச் சஞ்சிகைகளை இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ திறந்துவிடுகின்றன. பல்கலைக்கழக நூலகமும் தன் ஆய்வாளரின் கட்டுரைகளை இணையக் களஞ்சியமொன்றில் எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. நோர்வேயின் பேர்கனிலுள்ள மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தோடு, நோர்வே அரசின் நிதியில் சூரிய சக்திப் பொருட்கள் தொடர்பான கூட்டாய்வும் மாணவர் பரிமாற்றமும் நடந்துள்ளன. பேராதனைப் பல்கலைக்கழகமும் கோயம்புத்தூர்க் கல்வி நிறுவனங்களும் அதில் சேர்ந்தன. வடக்கு, தெற்கு, தமிழ்நாடு என மூன்று இடத்து மாணவர்கள் ஒரே திட்டத்தில் வேலை செய்ய முடிந்ததற்கு நோர்வே நிதி வழி செய்தது. நேரடியாக இது கைகூட இத்தனை காலம் பிடித்தது ஏன் என்று உள்ளூரார் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி வேலை மீந்திருப்பது வீடுகளில்தான். அந்தியேட்டி நாளில் உறவினருக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் வம்சாவளியும் ஊர் வரலாறும் இருக்கும். எந்த நூலகமும் அதை விலைக்கு வாங்கியதில்லை. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், வாசிகசாலை ஆண்டறிக்கை, சனசமூக நிலையத்தின் கையெழுத்துச் சஞ்சிகை எல்லாம் அதே கதிதான். வீடு மாறும்போதும் காணி விற்கும்போதும் இவையே முதலில் குப்பைக்குப் போகின்றன. இப்படியான ஏதாவது உங்கள் வீட்டு அலுமாரியிலோ, வெளிநாட்டிலுள்ள உறவினரின் பெட்டியிலோ இருந்தால் வீசிவிடாதீர்கள். நூலக நிறுவனத்துக்கோ அருகிலுள்ள நூலகத்துக்கோ தகவல் கொடுங்கள். வருடிய பின் மூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.